கவருக்குள் முப்பது மணி நேரம்

மும்பையில் வீடு காலி செய்யும் குடும்பத்திடம் லாரிக்காரர் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், கிரைண்டர், துளசிச் சட்டி எல்லாம் ஏறிவிடும். ஹால் மூலையில் விளக்கெரியும் மீன் தொட்டியைக் காட்டினால்தான் தலையைச் சொறிவார். தொட்டியை ஏற்றுகிறேன், மீனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். நியாயமான பேச்சுதான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்குப் பின் சென்னைக்குக் கிளம்புகிறவர்களும், தாராவியிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் ஊர் திரும்புகிறவர்களும் கடக்க வேண்டிய தூரம் கொஞ்சமல்ல. மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். ரயிலில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். நாகர்கோவில் வண்டியென்றால் ஒன்றரை நாள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவது, இறங்கிப் புது வீட்டுக்குப் போவது, அங்கே தொட்டி தயாராகும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மீன் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கப்போவது முப்பது மணி நேரம், அல்லது அதற்கும் மேல்.

அவ்வளவு நேரம் அது மூச்சுக்கு என்ன செய்யும் என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் கவலை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூச்சு பெரிய பிரச்சினையே இல்லை.

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். அதே ஒரு லிட்டர் இடத்தில் சாதாரணக் காற்று இருந்தால் அதில் 270 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் உண்டு. சிலிண்டரிலிருந்து பிடித்த சுத்த ஆக்சிஜன் என்றால் 1,300 மில்லிகிராம். 20 கிராம் எடையுள்ள ஒரு தங்கமீன் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும்போது மணிக்கு 3 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 72 மில்லிகிராம். கவரில் இரண்டு லிட்டர் தண்ணீரும் நான்கு லிட்டர் ஆக்சிஜனும் இருந்தால், தண்ணீரில் இருப்பது வெறும் 16 மில்லிகிராம், மேலே இருக்கும் வாயுவில் 5,000 மில்லிகிராமுக்கு மேல். ஆக்சிஜனே இல்லாமல் வெறும் காற்றை அடைத்திருந்தால்கூட ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் தேறும். மீனுக்கு மூச்சு தருவது தண்ணீரல்ல, தண்ணீருக்கு மேலே இருக்கும் இடம். பாவம், தாராளமாக இருக்கட்டும் என்று கவரின் கழுத்துவரை தண்ணீரை நிரப்புகிறவர் உண்மையில் மீனின் மூச்சைக் குறைக்கிறார்.

இந்தச் சங்கதி பிடிபடுவதற்கு முன்னால் இந்தியாவில் மீன் பயணம் எப்படி நடந்தது என்பது ஒரு தனி வரலாறு. கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளைக் குளத்தில் இனப்பெருக்கம் செய்ய வைக்கும் வித்தை 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியின் கையில் சித்தித்தது. அதற்குமுன் குஞ்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆற்றில்தான் பிடிக்க வேண்டும். வங்காளத்து ஆறுகளில் பிடித்த குஞ்சுகளை ‘ஹாண்டி’ என்ற வாயகன்ற மண்பானைகளில் விட்டு ரயிலில் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பானைக்கு மூடி கிடையாது. கூடவே ஆள் போக வேண்டும். அந்த ஆளின் வேலை, வழிநெடுகத் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டும் பானையை அசைத்துக்கொண்டும் இருப்பது. காற்று கலக்க வேண்டுமல்லவா? அவர் அசந்து தூங்கினால் பானையோடு போச்சு. தூங்காவிட்டாலும் பாதி வழியில் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். அந்தத் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீரோ. பிற்பாடு பாலித்தீன் பையும் ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தன. மண்ணெண்ணெய் டின்னுக்குள் பையை இறக்கி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று கட்டி அனுப்பத் தொடங்கியதும் கையால் தண்ணீர் அடிக்கும் உத்தியோகம் ஒழிந்தது.

அதே மூன்றில் ஒரு பங்கு விதிதான் இன்றும். குர்லா மேற்கின் வண்ண மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று பார்த்தால் முழுப் பாடமும் கிடைக்கும். பையன் ஒரு நீளக் கவரை உதறி விரிப்பான். அடிமூலை இரண்டையும் மடித்து முடிச்சுப் போட்டோ ரப்பர் பேண்ட் சுற்றியோ மழுக்கிவிடுவான். இல்லாவிட்டால் சின்ன மீன் அந்தக் கூர் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டு நசுங்கிச் சாகும். தண்ணீரும் மீனும் உள்ளே போனதும், இருக்கிற காற்றையெல்லாம் கையால் அமுக்கி வெளியேற்றுவான். இந்த அமுக்கல்தான் முக்கியம். பிறகு சிலிண்டர் குழாயை உள்ளே விட்டு ஒரு திறப்பு. கவர் உப்பியதும் கழுத்தை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டை இறுக்குவான். உடனே அதைத் தலைகீழாக இன்னொரு கவருக்குள் இறக்குவான். மொத்தமும் அரை நிமிஷம். ஊர் மாறுகிறவர்கள் தங்கள் மீனை வாளியில் இப்படியொரு கடைக்குக் கொண்டுபோய், கொஞ்சம் காசு கொடுத்து ஆக்சிஜன் பாக்கிங் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வாயால் ஊதிக் கட்டுவது மட்டும் கூடாது. நாம் ஊதுவது கரியமில வாயு கலந்த காற்று.

சரி, மூச்சுக்குப் பஞ்சமில்லை. பிறகு வழியில் மீன் எதனால் சாகிறது?

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவை நம்மைப்போல யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புவதில்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாக, செவுள் வழியாக, நேரே தண்ணீரில் விடுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா தின்றுவிடும். கவருக்குள் ஆறும் இல்லை, ஃபில்டரும் இல்லை. விட்ட அம்மோனியா அங்கேயே கிடக்கும்.

ஆனால் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று NH₃. இது செவுளைத் துளைத்து உள்ளே போகும், நரம்பைத் தாக்கும், கொல்லும். இன்னொன்று ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம், NH₄⁺. இது அவ்வளவு எளிதில் உள்ளே நுழையாது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு. 25 டிகிரியில் பி.எச். 6.5 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் 0.2 சதவீதம்கூட இல்லை. பி.எச். 7-இல் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். 8-இல் 5 சதவீதத்தைத் தாண்டும். 8.5-இல் சுமார் 15. அதாவது ஒரே அழுக்குத் தண்ணீர், பி.எச். ஒன்றரை எண் ஏறினால் முப்பது மடங்கு விஷமாகிறது.

இப்போது மூடிய கவருக்குள் நடப்பதைப் பாருங்கள். மீன் மூச்சுவிடுகிறது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. பி.எச். இறங்குகிறது. அம்மோனியா சேர்ந்துகொண்டே போனாலும் அதில் பெரும்பகுதி சாதுவான அம்மோனியமாகவே கிடக்கிறது. மீன் விடும் ஒரு கழிவு இன்னொரு கழிவின் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறது! யாரும் திட்டமிடாமல் அமைந்த ஏற்பாடு இது. கவருக்குள் மீன் உயிரோடிருப்பதற்கு ஆக்சிஜனுக்குச் சமமான காரணம் இதுதான் என்று சொல்வேன்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பெரும்பாலும் நம்முடைய பாசம். வண்டி சோலாப்பூரைத் தாண்டும்போது, ஐயோ அடைந்து கிடக்கிறதே, கொஞ்சம் காற்று காட்டுவோம் என்று ரப்பர் பேண்டை அவிழ்க்கிறோம். அவிழ்த்தவுடன் ஆக்சிஜன் போகிறது. அது போனால்கூடச் சமாளிக்கலாம். கரைந்திருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. பி.எச். ஏறுகிறது. இதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் நஞ்சாக மாறுகிறது. குண்டக்கல் வருவதற்குள் மீன் பக்கவாட்டில் சாயும். கவரை வழியில் அவிழ்க்கவே கூடாது. ஓட்டை விழுந்து ஒழுகினால் மட்டும் விதிவிலக்கு; அதற்குத்தான் இரட்டைக் கவர்.

பாசத்தின் இன்னொரு வேலை, கிளம்புவதற்கு முன் வயிறாரச் சாப்பாடு போடுவது. மனிதர்களை வழியனுப்பும் முறை இது. மீனுக்கு இது ஆகவே ஆகாது. தின்ற தீனியின் புரதம் செரித்து அம்மோனியாவாக வெளியேறும், கழிவு தண்ணீரில் கரையும், பாக்டீரியா பெருகி இருக்கிற ஆக்சிஜனையும் உறிஞ்சும். பயணத்துக்கு முன் 24 மணி நேரம் பட்டினி. பெரிய மீனென்றால் இரண்டு நாள். நல்ல உடல்வாகுள்ள தங்கமீனோ ஏஞ்சல் மீனோ சில நாள் தீனி இல்லாமல் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. குளிர் ரத்தப் பிராணிக்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு கிடையாது.

அந்தக் குளிர் ரத்தமே வெப்பநிலையை முக்கியமாக்குகிறது. தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் மீனின் உடலியக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆக்சிஜன் செலவும் இரட்டிப்பு, அம்மோனியாவும் இரட்டிப்பு. ஏப்ரல், மே மாதத்தில் ராய்ச்சூர் பக்கம் ஸ்லீப்பர் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஏ.சி. பெட்டி, கீழ் பெர்த்துக்கு அடியில் மூடிய தெர்மாகோல் பெட்டி. தெர்மாகோல் வெப்பத்தை மட்டும் தடுப்பதில்லை, வெளிச்சத்தையும் தடுக்கிறது. இருட்டில் மீன் அடங்கி நிற்கும்; அடங்கினால் செலவு குறையும். அடிக்கடி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது குழந்தைகளுக்கு வேடிக்கை, மீனுக்குத் திகில். ஐஸ் போடும் யோசனையும் வேண்டாம். கப்பி, டெட்ரா எல்லாம் வெப்பமண்டல மீன்கள். திடீர்க் குளிர் அவற்றைச் சூட்டைவிட வேகமாக முடித்துவிடும்.

எல்லா மீனும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து காற்றை விழுங்கும் ஜாதி. தலையில் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதில் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். நம்மூர்ப் பனையேறிக் கெண்டையும் இந்தக் கூட்டம்தான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் ஒரு பனைமரத்தில் இந்த மீன் ஏறக் கண்டதாக எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. பனையில் ஏறியதை இன்றுவரை பலர் நம்பவில்லை. ஈரத்தரையில் ஊர்ந்து போவது நிச்சயம். இந்த ஜாதிக்குக் கவரில் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் காற்று வெளியும் போதும், ஆளுக்கொரு கவர். இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே கவரில் போட்டால் சென்னைக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான்.

தங்கமீனிடம் இருப்பது அதைவிட விநோதமான வித்தை. ஆக்சிஜன் அறவே இல்லாத குளிர் நீரில், மற்ற விலங்குகளை லாக்டிக் அமிலம் கொன்றுவிடும் நிலையில், தங்கமீனும் அதன் உறவான குருசியன் கெண்டையும் அந்த அமிலத்தை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. எந்த நொதி இதைச் செய்கிறது என்பதை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் விளக்கினார்கள். குளிர்காலத்தில் பனி மூடிய ஐரோப்பியக் குளத்தில் குருசியன் கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் ஏறுமாம். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதித்த வரம்பு 30. மும்பை டிராபிக் போலீஸ் பிடித்தால் லைசென்ஸ் போய்விடும். ஆனால் இந்த வித்தை உறைகுளிரில் பலிப்பது. மே மாதக் கவருக்குள் இதை நம்பி இருக்க முடியாது.

இனிதான் ஆபத்தான கட்டம்: போய்ச் சேர்ந்த பிறகு.

மும்பைக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர். பாட்சா, மேல் வைத்தர்ணா, நடு வைத்தர்ணா, மோடக் சாகர், தான்சா, விஹார், துள்சி என்று ஏழு நீர்நிலைகளில் தேங்கும் மழைநீர். மென்மையான நீர், உப்புகள் குறைவு. சென்னையில் ஒரு அடுக்குமாடியின் போர் தண்ணீர் என்றால் கதை வேறு. பக்கெட்டில் வெள்ளைப் படலம் படியும் கடின நீர், பி.எச்.-உம் அதிகம். நன்னீர் மீனின் ரத்தத்தில் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம், ஆகவே ஊறவைத்த திராட்சைக்குள் தண்ணீர் புகுவதுபோல் அதன் உடலுக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றிக்கொண்டும், கசியும் உப்பைச் செவுளால் திரும்ப உறிஞ்சிக்கொண்டும்தான் அது வாழ்கிறது. வெளித்தண்ணீரின் உப்பளவு திடீரென்று மாறினால் இந்தக் கணக்கு தடுமாறும். தாராவியிலிருந்து தாமிரபரணிக் கரைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலை மழைநீர்தான், மென்மையான ஆற்று நீர். மாட்டுங்காவிலிருந்து சென்னையில் போர் தண்ணீர் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் முன்யோசனையோடு இருக்க வேண்டும். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீரைப் போர் தண்ணீரில் கலந்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் மும்பைத் தொட்டியின் எண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் போதும். பழைய எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

மென்மையான நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அமிலத்தைத் தாங்கும் சக்தி அதில் குறைவு. ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். நாலைந்து வருஷமாகச் சரியாகத் தண்ணீர் மாற்றாத மும்பைத் தொட்டியில் பி.எச். மெல்ல மெல்ல 6-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அங்கே பாக்டீரியாவும் சோர்ந்துபோகும், அம்மோனியம் தேங்கும். மீன் அதற்குப் பழகி வாழும். பார்க்கிறவருக்கு எல்லாம் சுபம். அந்த மீனைக் கொண்டுபோய் பி.எச். 8 தண்ணீரில் விட்டால் ஒரே இரவில் சாகும். பழி ரயில் பயணத்தின் மேல் விழும். ஊர் மாறுவது தெரிந்தால் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றி வர வேண்டும்.

கவரைப் பிரிப்பதில் வண்ண மீன் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி. கவரைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்க வேண்டும் என்பது பழைய கட்சி. கடையிலிருந்து அரை மணியில் வீட்டுக்கு வந்த மீனுக்கு அது நல்ல முறைதான். முப்பது மணி நேரம் அடைபட்ட கவருக்கு நான் அதை ஒப்பமாட்டேன். திறந்த நிமிஷத்திலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அத்தனை நேர அம்மோனியாவும் நஞ்சாகிறது. நாமோ நிதானமாகச் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறோம். மூடிய கவரை அப்படியே புதுத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யலாம். பிறகு திறந்து, மீனைச் சின்ன வலையில் எடுத்து உடனே தொட்டியில் விட்டுவிட்டு, கவர்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். தொட்டித் தண்ணீரில் குளோரின் இருந்தால் முன்பே தயோசல்ஃபேட் சொட்டு விட்டிருக்க வேண்டும். விளக்கை அன்று முழுக்கப் போடக் கூடாது. தீனி மறுநாள், அதுவும் சிட்டிகை.

எல்லா மீனையும் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். ஓரடி நீளம் வளர்ந்த ஆஸ்கரோ, அதைவிடப் பெரிய அரோவானாவோ கவரில் திரும்பக்கூட முடியாது. அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுவது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஏரியில் விட்டால் புண்ணியம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். 2018 கேரள வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரப்பைமா அந்த மாநில ஆறுகளில் சிக்கியது. 2023-இல் ஸ்ரீநகர் தால் ஏரியில் வட அமெரிக்க முதலைவாய் மீன் ஒன்று அகப்பட்டது. தொட்டியின் பாசியைத் தின்ன வாங்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி பல இந்திய நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர், தண்ணீர் மட்டுமே 56 கிலோ. பாதித் தண்ணீரோடு தூக்கினாலும் அடிக்கண்ணாடி வளைந்து சிலிகான் ஒட்டு விட்டுவிடும். முழுக்க வடித்து, கல்லையும் எடுத்துவிட்டு, காலியாகத்தான் ஏற்ற வேண்டும்.

பழைய தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது வீண் சுமை. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறது. கொண்டுபோக வேண்டியது அந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று அதைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தால் குளோரின் எல்லாவற்றையும் முடித்துவிடும். பழைய தொட்டித் தண்ணீரில் நனைத்து, சொட்டும் ஈரத்தோடு, நிறையக் காற்று உள்ள ஒரு கவரில் தனியாகப் போட்டு, மீன் இருக்கும் அதே தெர்மாகோல் பெட்டியில் வைக்கலாம். தண்ணீரில் மூழ்கடித்து மூடிவிட்டால் அந்த பாக்டீரியாவும் ஆக்சிஜன் இல்லாமல் செத்துப்போகும். ஸ்பாஞ்ச் பிழைத்து வந்தால் புதுத் தொட்டி முதல் நாளிலிருந்தே வேலை செய்யத் தொடங்கும். வராவிட்டால் புது பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா சோதனைச் சொட்டு வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் பார்ப்பது நல்லது. சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் பச்சைக்கு மாறினால் அன்றைக்குத் தீனியை நிறுத்திவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.